மறதிநோயுற்றார்க்கு மனை தேர்தல்

முதியோரைப் பேணுதல் மக்கட்குரிய கடன் என்பதை மறுப்பார் நம்முள் ஒருவரும் இலர். ஐந்தாங் கற்பனையைச் சிறு பிராயத்திலேயே மனப்பாடமாய் ஒப்பித்தவர் நம்மிற் பலர். ஆயின், அக்கடனை ஆற்றும் வழி யாது என்னும் வினா எழுமிடத்து, ஒப்பித்த பாடம் ஒன்றே நமக்கு உதவுவதில்லை. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்திற்கு அத்தகைய வினா ஒன்று நேர்ந்தது. என் தந்தையாரின் தமக்கையார், முப்பத்துமூன்று ஆண்டு பள்ளியாசிரியையாய்த் தொண்டாற்றியவர், மறதிநோய்க்கு ஆளாகி, வீட்டில் வைத்துக் காக்க இயலாத நிலையை எய்தினார். தக்கதோர் இல்லத்தைத் தேடித் தந்தையாரும் நானும் மூன்று இல்லங்களைக் கண்டு வந்தோம். அத்தேட்டத்திற் பிழைபட்டுக் கற்றவற்றையும், பின்னர்ப் படித்துத் தெளிந்தவற்றையும் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோயின் இயல்பு

மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறத்தல் முதுமையின் இயல்பு. கண்ணாடி எதற்கென்பதையே மறத்தல் நோய். மருத்துவர் ‘டிமென்ஷியா’ என வழங்குவது தனி நோயொன்றன் பெயரன்று. நினைவு, சொல், பகுத்தறிவு முதலிய மூளையின் ஆற்றல்களைப் படிப்படியே குன்றச் செய்யும் பல நோய்கட்கு அது பொதுப்பெயர். அவற்றுள் மிகப் பரவலானது அல்ஸைமர் நோய்.

அந்நோய் அறியப்பட்ட வரலாறு நம் பொருளுக்கு மிக இயைபுடையது. 1901-ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனி நாட்டுப் பிராங்பர்ட் நகரின் மருத்துவமனையொன்றில், அகுஸ்தெ டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அலோயிஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர் அவரருகே அமர்ந்து, பெயர் யாது, கணவர் பெயர் யாது, இப்போது உண்பது யாது என ஒவ்வொன்றாய் வினவி, அம்மாது சொன்ன விடைகளை அவர் சொன்னவாறே குறித்து வைத்தார். அவர் 1906-இல் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரக் கூட்டத்தில் தாம் கண்டதை விளக்கினார். 1910-இல் கிரெப்பெலின் என்பார் அந்நோய்க்கு அல்ஸைமர் பெயரையே இட்டார். அந்நோய் நமக்குத் தெரிய வந்தது நுண்ணோக்கியால் மட்டுமன்று. நோயாளியை நோக்கி வினவிய பொறுமையாலும் ஆகும்.

இந்நோயில் அண்மைய நினைவுகளே பெரும்பாலும் முந்திச் செல்லும். காலையில் உண்டது மறந்துபோக, அறுபது ஆண்டுக்கு முன் கற்ற பாட்டு நிலைத்திருக்கும். பிற்காலத்தே கற்ற மொழி தேயத் தாய்மொழி எஞ்சுதலும் உண்டு. மறதி கண்டவுடன் இதுதான் என முடிவு கட்டுதலுங் கூடாது. தைராய்டு சுரப்பியின் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு முதலியனவும் மறதியை விளைக்கும்; அவை மருந்தாற் சீர்படக் கூடியவை. ஆதலின் மருத்துவ ஆய்வு முந்துக. இல்லந் தேடுதல் பிந்துக.

இஃது எங்கோ சில வீடுகளில் மட்டும் நிகழ்வதன்று. 2023-இல் வெளியான ஆய்வொன்று, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உடையாருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடையர் என மதிப்பிட்டது.

2. வீடு போதாதாதல்

முதியோரை இல்லத்திற் சேர்ப்பாரை உற்றாரும் அயலாரும் பழித்தல் நம் நாட்டு வழக்கம். அப்பழிக்கு அஞ்சியே தந்தையார் ஓராண்டு தாழ்த்தார். அவ்வோராண்டின் சுமையைத் தாங்கியவர் தந்தையாரல்லர், என் அன்னையார். அத்தை நள்ளிரவு கடந்து மூன்று மணிக்கு எழுந்து, மணியடிக்க நேரமாயிற்றென்று பள்ளிக்குப் புறப்படுவார். இருமுறை பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டு மீட்டு வந்தோம். ஒருமுறை அடுப்பைத் திறந்துவிட்டு, தீ மூட்ட மறந்து, அப்பால் நடந்தார். அன்னையார் கதவருகே பாய் விரித்துப் பல மாதம் உறங்கினார். உறங்கினார் என்பதும் ஒரு பேச்சே. இறுதியில் அவரே மயங்கி விழுந்து மருத்துவமனையிற் கிடந்தபோதுதான், எங்கள் வீட்டில் நோயாளி ஒருவரல்லர் இருவர் என்பது எங்கட்குப் புலப்பட்டது.

இதனால் நான் கற்றது ஒன்றுண்டு. வீட்டிற் காத்தல் அன்பு, இல்லத்திற் சேர்த்தல் அன்பின்மை என்று பகுத்தல் பொருந்தாது. வீட்டிலேயே கைவிடப்படுவாரும் உளர்; இல்லத்திற் பேணப்படுவாரும் உளர். எங்கே இருக்கிறார் என்பதினும், அங்கே யாராக இருக்கிறார் என்பதே ஆராயத்தக்கது.

3. இல்லங்களின் வகை

முதியோர் இல்லம் என்னும் ஒரு பெயரால் நாம் வழங்குவனவற்றுள் வேறுபாடுகள் பல. தம் காரியத்தைத் தாமே செய்துகொள்வாரை மட்டும் ஏற்பது ஒருவகை. குளித்தல், உடுத்தல், மருந்துண்டல் ஆகியவற்றிற்குத் துணை நல்குவது மற்றொரு வகை. மறதிநோயுற்றாரைப் பயிற்சியுடையார் இரவும் பகலும் காப்பது மூன்றாம் வகை. முதல் வகை இல்லத்தில் மறதிநோயுடையாரைச் சேர்த்துவிட்டுச் சில மாதத்தில் திரும்ப அழைத்துச் செல்லுமாறு கேட்கப்பட்ட குடும்பங்களை நான் அறிவேன். ஆதலின், ‘நோய் முற்றினும் வைத்துக்கொள்வீர்களா? எந்நிலை வரை?’ என்பது முதல் வினாவாதல் வேண்டும்.

இரண்டாம் வகையின் தோற்றத்தோடு அமெரிக்க நாட்டுக் கெரன் பிரவுன் வில்ஸன் என்பார் பெயர் இணைத்துச் சொல்லப்படும். அவர் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவியாய் இருந்தபோது, தாயார் பாரிசவாயுவால் வீழ்ந்து மருத்துவ விடுதிகளிற் காலங் கழிக்க நேர்ந்தது. தனக்கென ஓரறையும், தானே தாழிடும் கதவும் வேண்டுமென்பதே அத்தாயாரின் விருப்பம். அதனை மனத்திற்கொண்டு வில்ஸன் 1983-இல் ஆரிகன் மாகாணத்துப் போர்ட்லந்து நகரில் ஓரில்லத்தைத் திறந்தார். அங்கே வாழ்வோர் நோயாளிகளாகவன்றி, அறைக்கு உரியோராகவே நடத்தப்பட்டனர். மூன்றாம் வகைக்கு நெதர்லாந்து நாட்டில் வேஸ்ப் என்னும் ஊரிலுள்ள ஹோகவெய்க் சிறந்த சான்று. 2009-இல் திறக்கப்பட்ட அது, தெருவும் கடையும் தோட்டமும் உடைய சிற்றூர்போல் அமைந்தது. மறதிநோயுற்றார் சிறு சிறு குடும்பமாகக் கூடி வாழ்ந்து, அவ்வெல்லைக்குள் தம் விருப்பம்போல் உலவுவர். இத்துணைப் பெருஞ்செலவு எங்கும் இயலுவதன்று. ஆயினும் அடைத்து வைத்தல் ஒன்றே காவலன்று என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

4. காணத்தக்கன

நாங்கள் கண்ட முதலில்லம் பளிங்குத் தளமும் நீரூற்றும் உடையது. தந்தையார் அதன் தூய்மையில் உளம் நிறைந்து, முன்பணத்திற்குக் காசோலையையும் எடுத்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கூட்டை உள்ளே வைத்துவிட்டு வந்தமையால், அதனை எடுக்க நான் மட்டும் மீண்டும் சென்றேன். எங்கட்குக் காட்டாத வழியொன்றன் முடிவில், முதிய அம்மையார் ஒருவரை நாற்காலியோடு சேலைத்துண்டாற் கட்டியிருக்கக் கண்டேன். ‘விழாம இருக்கத்தான்’ என்றாள் அங்கு நின்ற பணிப்பெண். தந்தையாரிடம் வந்து சொன்னேன். அவர் ஒன்றும் பேசாது காசோலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதன் பொருளில் நினைவுக்கேட்டையும் அடக்குகிறது. நோயாளியைச் சங்கிலியாற் பிணித்தலை அறவே விலக்குகிறது. மனநல நிலையங்களில் வேறு வகையாற் கட்டுதலையும், உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது, மனநல மருத்துவர் இசைவோடு, வேண்டிய அளவே செய்யலாமென வரையறுக்கிறது. விழாமற் காத்தற்கு வழி கயிறன்று. கைப்பிடியும், வழுக்காத தளமும், உடன் நடக்கும் ஆளுமே. பளபளக்கும் தளம் மறதிநோயுற்றார் கண்ணுக்கு நீர்போல் தோன்றி அச்சுறுத்துவதும் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். எங்களை மயக்கிய பளிங்கே அத்தையை நடுங்கச் செய்திருக்கும்.

ஆதலின் இல்லங் காணச் செல்வார் அவர்கள் காட்டும் வழியே மட்டும் செல்லற்க. ஒருமுறை முற்பகலிலும், ஒருமுறை முன்னறிவிப்பின்றி மாலையிலும் செல்க. மாலைப்பொழுது தனித்திருப்பார்க்குத் துயர் தரும் என்பது, முல்லைக்கு மாலையைச் சிறுபொழுதாக வகுத்த இலக்கணம் பயின்ற நமக்குப் புதிதன்று. மறதிநோயுற்றார் பலர்க்கும் அப்பொழுதே கலக்கம் மிகும். வீட்டிற்குப் போக வேண்டுமென்பர், அழுவர், கதவைத் தட்டுவர். அந்நேரத்தில் பணியாளர் அதட்டுகின்றனரா, கைபிடித்து உலவுகின்றனரா எனக் காண்க. கழிப்பறையை நோக்குக. உண்ணும் நேரத்தில் ஊட்டுபவர் உட்கார்ந்து ஊட்டுகின்றனரா, நின்றவாறு திணிக்கின்றனரா என நோக்குக. வாயிலில் நின்று, காண வந்த பிற உறவினரிடம் இரண்டு சொல் பேசுக; எந்த விளம்பரத்தினும் அச்சொல் பெரிது.

5. கேட்கத்தக்கன

பகலிற் காட்சிக்கு நிற்கும் ஆட்தொகையைக் கேட்டு மகிழ்தல் வேண்டா. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பேர் விழித்திருப்பர் எனக் கேட்க. பணியாளர் எத்தனை ஆண்டாய் இருக்கின்றனர் எனக் கேட்க. மாதந்தோறும் முகம் மாறும் இல்லத்தில் மறதிநோயாளிக்கு எல்லோரும் அயலாரே. அவர்கள் தமிழ் பேசுவரா என்பதும் வினவத்தக்கது. ஆயினும் இதில் ஒரு திருத்தம் உண்டு. தொலைவான மாநிலத்திலிருந்து வந்து, ‘சாப்பிட்டீங்களா’, ‘வலிக்குதா’, ‘பயப்படாதீங்க’ என இருபது சொற்களை மட்டும் கற்ற பெண்ணொருத்தி, தமிழ் நன்கறிந்த இருவரினும் இனிதாய்ப் பணிபுரியக் கண்டேன். மொழி வேண்டும், குரல் அதனினும் வேண்டும்.

மருந்தைப் பற்றித் தெளிவாகக் கேட்க. ஆரவாரம் செய்வாரை அடக்க மயக்கமூட்டும் மனநோய் மருந்துகளைக் கொடுக்கும் வழக்கம் பலவிடத்தும் உண்டு. மறதிநோயுற்ற முதியோர்க்கு அவ்வகை மருந்துகள் இறப்பின் வாய்ப்பை மிகுவிக்கின்றன என்று அமெரிக்க அரசின் மருந்துக் கண்காணிப்புத் துறை 2005-இல் எச்சரித்தது. சிலர்க்கு அவை தேவையாதலும் உண்டு. ஆயின் யார் எழுதித் தருகின்றார், எப்போது மீள ஆய்ந்து குறைப்பர், குடும்பத்தார்க்கு அறிவிப்பரா என்பவற்றிற்கு விடை பெறாது அமைதல் தவறு.

மாதந்தோறும் எடை பார்த்துக் குறிக்கின்றனரா? விழுங்குதல் அரிதானால் உணவை எவ்வாறு மாற்றுவர்? தீப்பற்றினால் பூட்டிய கதவை யார் திறப்பர்? நள்ளிரவில் நோய் முற்றினால் எந்த மருத்துவமனைக்கு, யாருடன்? இவற்றையுங் கேட்க. பணத்தைப் பொறுத்தவரை, சொல்லும் மாதக்கட்டணம் ஒன்று, வரும் கணக்கு மற்றொன்று. உள்ளாடைத் துணி, உடற்பயிற்சி, தனிப்பணியாள், வண்டிச்செலவு ஆகியவை தனியா எனவும், விலகினாலும் இறந்தாலும் முன்பணம் எத்துணை நாளில் மீளும் எனவும் எழுத்திற் பெறுக. பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேட்க நாணற்க. ஐயம் எழுந்தால் 14567 என்னும் முதியோர் உதவித் தொலைபேசி எண் நாட்டின் பொதுவுடைமை.

6. அவர்கள் கேட்கும் வினா

இரண்டாம் இல்லத்தின் மேலாளர், எங்கள் அத்தையின் நிலையைக் கேட்டவுடன், தம்மிடம் இரவுக்காவலுக்கு ஆளில்லை, தம்மால் இயலாது என்று கூறிவிட்டார். அவ்வுண்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

மூன்றாம் இல்லம் பழைய வீடு. சிமெந்துத் தளம், முற்றத்தில் ஒரு வேம்பு. நாங்கள் எழுதிச் சென்ற வினாக்களை எடுக்குமுன்னரே, அங்கிருந்த மூத்த செவிலியார், ‘அவங்களை என்னன்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாங்க?’ என்று கேட்டார். தந்தையார் திகைத்தார். அவருக்கு அவர் ‘அக்கா’, எனக்கு ‘அத்தை’. இவ்விரண்டிற்கும் அண்மைக் காலமாக அவர் திரும்புவதில்லை. ‘டீச்சர்’ என்றால் உடனே திரும்புவார் என்று சொன்னேன். செவிலியார் அதனைக் குறித்துக்கொண்டார். காலையில் முதலிற் குடிப்பது காப்பியா தேநீரா? தலைக்குக் குளிக்க அஞ்சுவாரா? எந்தப் பக்கம் படுத்தால் உறங்குவார்? எதைக் கண்டால் அழுவார்? எந்த ஞானப்பாட்டு முழுதும் வரும்? இவ்வாறு அடுத்தடுத்து வினவினார்.

இவற்றுட் பலவற்றிற்குத் தந்தையாரிடமும் என்னிடமும் விடையில்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நாங்கள் அறியாதவற்றை அன்னையார் ஒருவரே அறிவார்; அவரையோ நாங்கள் அழைத்து வரவில்லை. அஃது எங்கள் முதற்பிழை. தொலைபேசியில் அவரை அழைத்து, அவர் சொல்லச் சொல்லச் செவிலியார் எழுதினார். இரண்டாம் பிழை அதனினும் பெரிது. நோய் தொடங்கிய காலத்தே, அத்தைக்குத் தெளிவிருந்தபோதே, ‘பின்னாளில் எங்கே, எவ்வாறு இருக்க விரும்புகிறீர்கள்?’ என அவரை நாங்கள் கேட்கவில்லை. தம் சிகிச்சை எவ்வாறு அமைய வேண்டுமென முன்கூட்டியே எழுதிவைக்கவும், தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் மேற்சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இடந்தருகிறது. கேட்பது கொடுமை என்று கருதினோம், கேளாமையே கொடுமையாயிற்று.

ஏடு பதிப்போர், செல்லரித்த ஓலையைக் கண்டு எறிந்துவிடுவதில்லை. எஞ்சிய எழுத்தைப் போற்றி, சிதைந்த இடத்திற்கு வேறு பிரதியைத் தேடுவர். மறதிநோயுற்றார் வாழ்க்கைக்கு அவ்வேறு பிரதி, உடன் வாழ்ந்தவர் நெஞ்சில் உள்ளது. அதனைக் கேட்டுப் பெற்றுக் காக்கும் இல்லமே நல்லில்லம். தன்னைப் பற்றியே பேசி, சேர வருவாரைப் பற்றி ஒன்றும் வினவாத இல்லம், எத்துணைப் பளிங்கு பதித்திருப்பினும், அவர்க்கு வீடாகாது. எங்கள் வினாப்பட்டியல் முழுவதினும் சிறந்த அளவுகோல் இதுவென்பது என் துணிபு.

7. சேர்த்த பின்னர்

இல்லந் தேர்ந்தவுடன் கடன் தீர்ந்ததென்று எண்ணற்க. முதல் வாரங்கள் இருபாலார்க்கும் கொடியன. அத்தை எங்களைக் கண்டவுடன் பையை எடுத்துக்கொண்டு வாயிலில் நிற்பார். தந்தையார் திரும்பும் வழியெல்லாம் பேசமாட்டார். அன்னையார் அத்தையின் பழைய போர்வையையும், பள்ளியின் குழுப்படத்தையும், கோடிட்ட குறிப்பேடுகள் சிலவற்றையும் அனுப்பினார். காலைதோறும் செவிலியார் குறிப்பேட்டை முன்வைக்க, அத்தை அங்குள்ளோர்க்கு வருகை குறிக்கிறார். மூன்று மணிக்கு எழுந்தால், ‘இன்னைக்கு விடுமுறை, டீச்சர்’ என்கிறாள் இரவுப் பணிப்பெண்; அவரும் திரும்பிப் படுக்கிறார். இதனைப் பொய்யென்பாரோடு நான் வாதிட விரும்பவில்லை.

நோய் நீங்கவில்லை, நீங்கவும் போவதில்லை. சொற்கள் குறைந்து வருகின்றன. சென்ற மாதம் நான் சென்றபோது, ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று வினவினார். சொன்னேன், தலையசைத்தார். எனினும் அறிந்துகொண்டார் அல்லர். கையிலிருந்த பாடநூலை உரக்க வாசித்தேன். மூன்றாம் வரியில் என் ழகரத்தை நிறுத்தித் திருத்தினார். மீண்டும் வாசிக்கச் செய்தார்.

நண்பர்காள், நம் வீடுகளில் முதியோர் உளர். அவருள் யார் நினைவு முந்தித் தேயும் என்பதை நாம் அறியோம். அத்தேய்வு வருமுன், அவர் விரும்பும் பெயரையும், பாட்டையும், அச்சத்தையும், ஆசையையும் கேட்டு வைப்போமாக. பின்னொரு நாள் ஏதேனும் ஓரில்லத்தின் வாயிலில் நின்று, ‘என்ன சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார்?’ என்று நம்மை ஒருவர் வினவுங்கால், விடையின்றி நில்லாதிருத்தற்கு அஃதொன்றே வழி.